மண்ணில் போட்டீங்களா?

ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுத்தோமென்றால் அத்தோடு கையைத் தட்டிவிட்டு வந்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் அதைத் தின்றாரா, தூக்கிப் போட்டாரா, மூன்றாம் மனிதருக்குத் தள்ளிவிட்டாரா என்பது நம் கவலை இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். கார்டு அக்கா மட்டும் அப்படி இல்லை. கொடுத்த பொருளுக்குப் பின்னாலேயே அவரும் வருவார்.

காலையில் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொடுத்தால் சாயங்காலம் விசாரணை நடக்கும். யார் யார் சாப்பிட்டார்கள், இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்களா, மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பார். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணுக்கு ஒரு புடவை கொடுத்துவிட்டு, அது ஏன் இன்னும் உடம்பில் ஏறவில்லை என்று தீபாவளி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வேலையை விட்டு நின்றதற்குச் சம்பளம் காரணமில்லை என்று தெருவில் பேச்சு.

காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சின்னத் தெரு அது. முனையில் என் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை. நெரவியிலிருந்து தினமும் வண்டியில் வந்து ஷட்டரைத் தூக்குகிறவன் நான். கடையிலிருந்து மூன்றாவது வீடு கார்டு அக்காவுடையது. ஐம்பதை ஒட்டிய வயது, பிள்ளை இல்லை. கணவரும் அவருமாக இரண்டே பேர். கைபேசியில் வீடியோ பார்த்து அவர் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டார். வேண்டாத தாள்களைக் கிழித்து ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, அந்தக் கூழில் விதைகளைக் கலந்து, கொசுவலை அடித்த சட்டத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைப்பார். காய்ந்து வருவது தடிமனான தாள். அதில் வாழ்த்து அச்சடித்தால் விதைக் கார்டு. பிறந்தநாளுக்கோ பொங்கலுக்கோ யாருக்காவது கொடுக்கலாம். வாங்கியவர் படித்துவிட்டு அதைத் தொட்டி மண்ணில் போட்டுத் தண்ணீர் தெளித்தால் துளசியோ வெந்தயமோ முளைக்கும். பிளாஸ்டிக் இல்லை, குப்பை இல்லை, கொடுத்த பரிசு செடியாக நிற்கும் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். சொன்னது சரிதான். எனக்கு மட்டும் அந்தத் தாளைக் கண்டால் வயிறு எரியும். விதை முட்டிக்கொண்டு நிற்கிற தாளில் மையை இழுத்தால் ஸ்கிரீனில் கட்டியிருக்கிற மெஷ் வலை கிழியும். கொத்தமல்லி விதை போட்டுக் கொண்டுவந்தால் வாங்கவே மாட்டேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

தாள் கணவர் கொண்டுவருவது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. தப்பாக அடித்து வீணாகிற எடைச்சீட்டுகளை ஒரு பையில் சேர்த்து எடுத்துவருவார். நிலக்கரித் தூசி படிந்த சீட்டு என்பதால் அக்காவின் கார்டு எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் சாம்பல் நிறமாகவே இருக்கும். வாங்குகிறவர்கள் அதையும் ஒரு டிசைன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொழில் நன்றாகத்தான் நடந்தது. கார்டுகளை விரும்பி வாங்கினார்கள். ஆனால் விற்றதில் அவருக்கு நிம்மதி இல்லை. போகிற வழியில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: “மண்ணுல போட்டீங்களா?”

யாரும் போடவில்லை. கார்டு அழகாக இருந்தது, ஷோகேஸில் வைத்துவிட்டார்கள். அழகான பொருளை மண்ணில் புதைக்க யாருக்கு மனசு வரும்? ஒரு வீட்டில் ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறி, ஷோகேஸுக்குள்ளேயே அது முளைத்துவிட்டது. வெள்ளையாக நூல் நூலாக ஏதோ வருகிறதே, கரையான் என்று பயந்து அந்த வீட்டம்மா மருந்து அடித்துவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு அக்கா ஓடினார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. “மருந்தடிச்சது போவட்டும்மா. மொளைச்சிச்சுல்ல?” என்றுதான் கேட்டார்.

அரசு அலுவலகம் ஒன்றில் சுற்றுச்சூழல் விழா நடத்தினார்கள். வந்த விருந்தினர்களுக்கு எல்லாம் அக்காவின் கார்டுதான். மேடையில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். அக்கா மறு வாரம் அந்த அலுவலகத்துக்கே போய், கார்டுகளை மண்ணில் போட்டார்களா என்று கேட்டிருக்கிறார். நேராக என் கடைக்குத்தான் திரும்பி வந்தார்.

“ஃபைல்ல பத்திரமா வச்சிருக்காங்களாம் தம்பி. ஃபைல்ல வச்சா எப்புடி மொளைக்கும்?”

அரசாங்க ஃபைலில் இதுவரைக்கும் எது முளைத்திருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. கடை முழுக்க சிமெண்டுத் தரை, எங்கே போடுவது என்று நான் சாக்குச் சொன்னேன். மறுநாள் காலை ஒரு தயிர் டப்பாவில் மண் நிரப்பிக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் போட்டேன். வெந்தயம் விரல் நீளத்துக்கு வந்தது. வெயில் படட்டும் என்று ஒரு நாள் வாசலில் வைத்தேன், தெருவில் போன ஆடு தின்றுவிட்டது. சொன்னதும் அவர் கேட்ட கேள்விகளைப் பார்க்க வேண்டுமே. யார் வீட்டு ஆடு, பூராவும் தின்றதா, வேரோடு இழுத்ததா என்று போலீஸ் மாதிரி விசாரித்தார். போதுமடா சாமி என்று ஆகிவிட்டது.

கல்யாணப் பத்திரிகை வரைக்கும் இறங்கிப் பார்த்தார். எதிர் வீட்டு லாத்தாவின் மகன் துபாயில் இருக்கிறான். அவன் நிக்காஹ்வுக்கு விதைத் தாளிலேயே பத்திரிகை அடிப்பது என்று முடிவானது. நான் வழக்கம்போல உச்சியில் 786 போட்டு, நடுவில் அரபு எழுத்தில் பிஸ்மில்லா போட்டு அடித்துக் கொடுத்தேன். கீழே சின்ன எழுத்தில் ‘படித்தபின் மண்ணில் இடவும்’. லாத்தா வீட்டுப் பெரியவர் பத்திரிகையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. அல்லாஹ்வுடைய பேர் எழுதின தாளை எப்படிம்மா மண்ணில் போட்டு மிதிக்கச் சொல்வது என்று மெதுவாகத்தான் கேட்டார். அந்தப் பத்திரிகைகள் ஊர் முழுக்கப் போயின. ஒன்றுகூட மண்ணைத் தொடவில்லை. அடுத்த மாதம் நெரவிப் பக்கம் ஒரு கல்யாணம். அந்தப் பத்திரிகையில் பிள்ளையார் படம். மஞ்சள் தடவின பிள்ளையாரைக் குழி தோண்டிப் புதைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? சரி, சாமியே இல்லாமல் அடிக்கலாம் என்றால் அப்படிப் பத்திரிகை அடிக்க எந்த வீட்டிலும் ஒப்பவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அக்கா விடவில்லை, கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்ததாக லாத்தா சொல்லிச் சிரித்தார்.

அவரைக் கண்டால் ஆட்கள் தெரு மாறிப் போக ஆரம்பித்தார்கள். எனக்குச் சில சமயம் எரிச்சலாகவும் சில சமயம் பாவமாகவும் இருக்கும். கொடுத்தாயிற்று, விட்டுத் தொலையுங்களேன் அக்கா என்று ஒரு தடவை சொல்லியே விட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. “விட்டா எப்புடித் தம்பி? குடுத்தது அங்க போய் என்னாச்சுன்னு தெரிய வேணாமா?” என்றார்.

கணவர் அவருக்கு நேர் எதிர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அவரைப் பற்றிய விஷயம். கருக்கலில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் வந்து, அங்கேதான் ஸ்டார்ட் செய்வார், தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்களாம். திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்கிறவர்கள்கூட அக்காவிடம்தான் பேசுவார்கள். அச்சடித்த கார்டுகளை வாங்க என் கடைக்கு வந்தால் உள்ளே ஆள் இருந்தால் வெளியிலேயே நிற்பார். உள்ள வாங்க என்று கூப்பிட்டால், “இருக்கட்டுங்க, உங்க வேலை முடியட்டும்” என்பார். மனைவியைப் போலவே இவரும் ஏதாவது கேட்பாரா என்று நான் எதிர்பார்த்த காலம் உண்டு. ஒன்றும் கேட்க மாட்டார். உங்களிடமும் அக்கா கார்டு கொடுத்து மண்ணில் போடச் சொன்னாரா என்று ஒரு நாள் நான்தான் வாயைக் கிளறினேன். “வீட்டுக்குள்ளயே இருக்கற ஆளுக்கு எதுக்குங்க கார்டு?” என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போனார். என்னிடம் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

ஒரு புரட்டாசி மாதம், காலையில் அவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்திலிருந்து நாலு பேர் வந்து மாலை போட்டார்கள். தெருக்காரர்கள் வந்தார்கள், கைகட்டி நின்றார்கள். அடுத்த வீட்டு பேங்க் சாரும் வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் அங்கே குடிவந்து பன்னிரண்டு வருடம். பெட்டியின் கண்ணாடி வழியாகக் குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இவர்தானா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மனுஷன் நிஜமாகவே முதல்முறையாகப் பார்க்கிறார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் அக்கா தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார்.

சில நாள் கழித்து அக்காவின் கொழுந்தனார் கருமாதிப் பத்திரிகை அடிக்க என் கடைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுத் தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவருக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அண்ணி இதில்தான் அடிக்க வேண்டும் என்கிறது, பிடிவாதம் பிடிக்கிறது, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார். விதை என்ன என்று கேட்டேன். துளசியாம். சொந்தக்காரர்களுக்கு மட்டுமில்லை, தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுக்க வேண்டுமாம்.

பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்கே தோன்றியது. பொங்கல் வாழ்த்தையே நடாதவர்கள் கருமாதிப் பத்திரிகையையா நடப்போகிறார்கள்? துக்கம் விசாரிக்கிற சாக்கில் வீட்டுக்குப் போனேன். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கொழுந்தனாரும் கூட இருந்தார். எனக்கு முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“பன்னெண்டு வருசம் தம்பி. அடுத்த வீட்டுல இருக்கறவரு, இவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லல. இவரு அப்புடி இருந்துட்டாரு. ஆனா எனக்கு அதுதான் தாங்கல. செத்ததைக்கூடத் தாங்கிக்குவேன். இந்தத் தெருவுல இப்புடி ஒருத்தரு இருந்தாருன்னு யாருக்காச்சும் தெரிய வேணாமா?”

“அதுக்கு இந்தத் தாளா அண்ணி?” என்றார் கொழுந்தனார். “கருமாதிக் கார்டை எவன் கொண்டுபோயி நடுவான்?”

“நட வேணாம். படிச்சிட்டு எல்லாரும் என்ன செய்வாங்களோ அதைச் செய்யட்டும். நான் யாரையும் கேக்க மாட்டேன்.”

எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்றபடியே படித்து, அங்கேயே நாலாகக் கிழித்து ஓரமாகப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். காலங்காலமாக உள்ள வழக்கம். நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. கொழுந்தனாருக்கும் உறைத்திருக்க வேண்டும், அடித்துவிடுங்கள் என்று என் பக்கம் தலையை ஆட்டினார்.

மறுநாள் அடித்துக் கொடுத்தேன். கறுப்புக் கரை, நடுவில் அவருடைய பேர், கீழே நாளும் நேரமும். ‘மண்ணில் இடவும்’ என்ற வரி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொழுந்தனார் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனார். கடையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். பேங்க் சார் வாசற்படியில் நின்று படித்தார், கிழித்தார், பைக் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டார், உள்ளே போனார். அடுத்த வீடும் அப்படியே, அதற்கடுத்த வீடும் அப்படியே. எதிர் வீட்டு லாத்தா மட்டும் கிழிக்கவில்லை. அவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. பத்திரமாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டாராம்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பின அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. இங்கே ஐப்பசி மழை என்றால் கேட்க வேண்டுமா, தெருவே தெரியவில்லை. பாதித் துண்டுகள் சாக்கடையோடு போயின. மற்றவை சேற்றில் ஒட்டிக்கொண்டன. மழை விட்ட நாட்களில் சில வாசல்களில் பொடிப் பொடியாகப் பச்சை தெரிந்தது. மழைக்காலத்தில் தெருவில் என்னதான் முளைக்காது? யாரும் கவனிக்கவில்லை. கார்த்திகையில் இலையைக் கசக்கிப் பார்த்த யாரோ ஒருவர்தான் துளசி என்று கண்டுபிடித்தார். நாலைந்து வீட்டு வாசலில் நின்றது. எங்கிருந்து வந்தது என்று புரிய எல்லோருக்கும் ஒரு நாள்கூட ஆகவில்லை.

அதன் பிறகுதான் சங்கடம். கருமாதிப் பத்திரிகையில் வந்த செடி, வாசலில் இருக்கலாமா? துளசி, பிடுங்கலாமா? பெண்கள் குழாயடியில் இதையே பேசினார்கள். வெந்தயமாக இருந்திருந்தால் அன்றைக்கே பிடுங்கி எறிந்திருப்பார்கள். அக்கா துளசியைத் தேர்ந்தெடுத்தது யோசித்துத்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பேங்க் சார் வாசலில்தான் செடி நன்றாக வந்திருந்தது, சரியாகப் பைக்கின் ஸ்டாண்டு ஊன்றும் இடத்தில். ஒரு காலை நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். பேங்க் சார் சுவரோரமாக வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பத்திரிகையில வந்த செடி… புடுங்கவும் கை வரல, விட்டுவைக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. என்ன செய்யறதுன்னு நீங்களே சொல்லிடுங்க.”

அக்கா வாளியைக் கீழே வைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழவில்லை.

“அவரும் அப்புடித்தாங்க சார். ஒரு ஓரமா இருந்துட்டுப் போவாரு. தண்ணிகூட ஊத்த வேணாம். அவரு பாட்டுக்கு இருப்பாரு.”

பேங்க் சார் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பைக்கைக் கிளப்பாமல் கையாலேயே பின்னுக்குத் தள்ளி எடுத்தார்.

அக்கா இப்போது இந்த ஊரில் இல்லை. மறு வருஷம் வீட்டைக் காலி செய்து மயிலாடுதுறையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டார், செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். மற்ற வாசல்களில் இருந்த செடிகள் வெயிலில் ஒன்று, ரோடு போட்டபோது ஒன்று என்று போய்விட்டன. பேங்க் சார் வாசலில் இருப்பது மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புதராக நிற்கிறது. அவர் பைக்கை எதிர்ப் பக்கம் நிறுத்துகிறார். போன வாரம் பார்சல் கொண்டுவந்தவர் வண்டியை அந்த மூலையில் ஒட்டி நிறுத்தப் போனார். பேங்க் சார் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

“பாத்து நிறுத்துப்பா. அங்க பக்கத்து வீட்டு சார் இருக்காரு.”